பதிவிறக்க வழங்கியும் அதன் நகல்களான மிரர்களும் காலி: பழைய நகல் யாரிடமாவது இருக்கிறதா?

பெருங்குடி பொறுப்பாளர் | ஞாயிறு, இரவு 9:40

நம் தமிழ் மென்பொருள் பதிவிறக்க வழங்கி (சர்வர்) இன்று பிற்பகலிலிருந்து இயங்கவில்லை. எழுத்துருக்கள், விசைப்பலகைகள், பிழைதிருத்திகள், பள்ளிகளுக்கான லினக்ஸ் நிறுவல் கோப்புகள் என எதையும் இப்போது இறக்க முடியாது. நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மதியம் ஒரு மணிக்குச் சர்வர் அறையின் ஏசி நின்றது. அக்னி நட்சத்திர வெயில், மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை, ஞாயிற்றுக்கிழமை என்பதால் கட்டடத்தில் ஆளில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தரைத்தளம் வேண்டாம் என்று மேலே தூக்கி வந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழே தண்ணீர் நின்றும் சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரை நினைத்தே இத்தனை வருடம் பயந்தோம். சூட்டை நினைக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி 4:15. வட்டுகளில் கை வைக்க முடியவில்லை. சர்வர் தானாக அணைந்து மறுபடி எழுந்திருந்தது. நான்கு வட்டுகளை ஒரே வட்டுபோல் இணைக்கும் ரெய்டு 5 தொகுப்பில் இரண்டைக் காணவில்லை. ரெய்டு 5 ஒரு வட்டின் இழப்பைத்தான் தாங்கும்.

இதைவிடப் பெரிய தவறு என்னுடையது. தொகுப்பு எழாவிட்டாலும் கணினி எழ வேண்டும், வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும் என்பதற்காக 'நோஃபெயில்' அமைப்பை நான்தான் போட்டிருந்தேன். ஆகவே கணினி எழுந்தது. கோப்புகள் இருக்க வேண்டிய அடைவு (ஃபோல்டர்) காலியாக இருந்தது. அந்தக் காலி அடைவையே, மிரர்களுக்குக் கோப்புகளைக் கொடுக்கும் ஆர்சிங்க் சேவை வெளியே காட்டிக்கொண்டிருந்தது. கோவை மிரரும் சிங்கப்பூர் மிரரும் மூலத்தில் இல்லாததைத் தங்களிடமும் அழிக்கும்படி அமைக்கப்பட்டவை. மாலை 4 மணி ஒத்திசைவில் இரண்டும் காலியாகிவிட்டன.

இரவே ரெய்டைக் கட்டாயமாகச் சேர்த்து, கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். பழைய நகல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

தாம்பரம் பயிலரங்கு | ஞாயிறு, இரவு 9:52

நாளை காலை 10 மணிக்கு நாற்பது ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைத்திருக்கிறேன். பிற்பகல் மூன்று மணியிலிருந்து '404, கோப்பு இல்லை' என்றே வருகிறது. கோப்பின் பெயரை மாற்றிவிட்டீர்கள் என்று நினைத்து, என் குறிப்பேட்டில் இருந்த சுட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து இரண்டு மணி நேரம் வீணானது. சேவை தற்காலிகமாக இல்லை என்று ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?

பெருங்குடி பொறுப்பாளர் | ஞாயிறு, இரவு 10:01

கோபம் நியாயமானது, மன்னியுங்கள். 404 என்றால் கோப்பே இல்லை என்று பொருள். நாங்கள் காட்டியிருக்க வேண்டியது 503, அதாவது சேவை இப்போது இல்லை, பிறகு வாருங்கள் என்பது. காலி அடைவைச் சர்வர் உண்மை என்று நம்பியதால்தான் இணையப் பக்கமும் பொய் சொன்னது. இப்போது 503க்கு மாற்றிவிட்டேன்.

வட்டு வைத்தியர் | ஞாயிறு, இரவு 10:06

பொறுப்பாளரே, கையை எடுங்கள். பழுதுபார்க்கும் கட்டளை எதையும் இன்றிரவு ஓட்டாதீர்கள். இருபது வருடமாகத் தரவு மீட்பு வேலை பார்க்கிறேன். என்னிடம் வந்து சேர்ந்த வட்டுகளில் சூட்டில் கெட்டவற்றைவிட, சூட்டுக்குப் பிறகு உரிமையாளர் பதற்றத்தில் செய்த வேலையால் கெட்டவை அதிகம்.

சூட்டில் தொகுப்பை விட்டு விலகிய வட்டு செத்துவிட்டது என்று பொருளல்ல. பதில் சொல்லத் தாமதித்திருக்கும், கட்டுப்பாட்டு மென்பொருள் அதை வெளியே தள்ளியிருக்கும். தரவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டு வட்டுகளும் ஒரே நேரத்தில் விலகியிருக்காது, இதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஒன்று முன்பே விலகியிருந்தால் அதிலிருப்பது பழைய நிலை. பழையதையும் புதியதையும் கலந்து தொகுப்பை எழுப்பி, அதன்மேல் பழுதுபார்ப்பை ஓட்டினால், ஒன்றோடொன்று பொருந்தாத துண்டுகளைப் பொருத்துவதாக நினைத்து அது மிச்சத்தையும் அழித்துவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சர்வரை அணையுங்கள். வட்டுகள் எந்தத் துளையில் இருந்தன என்று ஸ்டிக்கர் ஒட்டி வெளியே எடுங்கள். ஒவ்வொரு வட்டின் தலைப்புத் தகவலையும் படித்து, நிகழ்வு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எது எப்போது விலகியது என்பதை அந்த எண் சொல்லிவிடும். பிறகு நான்கையும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு வேறு வட்டுகளில் முழுமையாக நகலெடுங்கள். அது படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பும். இனி எந்தச் சோதனையானாலும் நகலில்தான். மூல வட்டில் ஒரு பைட்கூட எழுதக் கூடாது.

பெருங்குடி பொறுப்பாளர் | ஞாயிறு, இரவு 10:11

அணைத்துவிட்டேன் சார். காலையில் ரிச்சி தெருவில் கடை திறந்ததும் ஒரு டெராபைட் வட்டுகள் நான்கு வாங்கி வருகிறேன்.

கோவை மிரர் | ஞாயிறு, இரவு 10:30

எங்கள் பக்கம் 1.3 டெராபைட் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. ஆர்சிங்குக்கு ஒரு பாதுகாப்பு உண்டு, மூலத்தில் படிக்கும் பிழை வந்தால் அழிக்கும் வேலையை நிறுத்திவிடும். ஆனால் காலி அடைவு பிழையல்ல. ஒழுங்காகப் படிக்கக் கிடைத்த ஒரு வெற்றிடம். கருவி தன் வேலையைத்தான் செய்தது. ஒரே நேரத்தில் இத்தனை கோப்புகளுக்கு மேல் அழிக்காதே என்று வரம்பு வைக்கும் 'மேக்ஸ் டெலீட்' விருப்பத்தை நான் போட்டிருந்தால் இன்று இந்த உரையாடல் இழையே தேவைப்பட்டிருக்காது.

நள்ளிரவு நிரலர் | ஞாயிறு, இரவு 11:15

உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2013 மார்ச்சில் கேடிஇ என்ற திறந்த மூல மென்பொருள் திட்டத்துக்கு ஏறக்குறைய இதே கதி வந்தது. சுமார் 1,500 கிட் களஞ்சியங்கள், அதாவது மூலநிரல் சேமிப்புகள். மூலச் சர்வரின் கோப்பு முறைமை சிதைந்தது. களஞ்சியங்களின் பட்டியல் கோப்பும் சேர்ந்து சிதைந்ததால், பட்டியலில் இல்லாதவற்றை மிரர்கள் தாமாகவே அழித்துவிட்டன. உலகம் முழுக்க மிரர் இருக்கிறது, தனியாக பேக்கப் எதற்கு என்ற எண்ணம் அன்றைக்கு நொறுங்கியது. ஒத்திசைவில் சிக்காமல் தப்பிய ஒரே ஒரு சர்வரிலிருந்து அத்தனையையும் மீட்டார்கள்.

நமக்கும் அப்படி ஒத்திசைவு தப்பிய கணினி ஒன்று எங்காவது இருக்க வேண்டும். சரியாக வேலை செய்தவை எல்லாம் காலியாகிவிட்டன. வேலை செய்யாமல் கிடப்பதைத் தேடுங்கள்.

செங்கை ஆசிரியை | திங்கள், காலை 6:20

வணக்கம். செங்கல்பட்டுக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் இணைய வேகம் குறைவு என்பதால், மூன்று வருடத்துக்கு முன் இந்த வழங்கியின் நகலை ஒரு கணினியில் வைத்துக்கொள்ள உதவினீர்கள். மாணவர்கள் அதிலிருந்துதான் நிறுவுகிறார்கள். கோடை விடுமுறை விட்ட அன்று, ஏப்ரல் கடைசியில், எல்லாக் கணினிகளையும் அணைத்துவிட்டு வந்தேன். அதன்பின் யாரும் ஆய்வகத்தைத் திறக்கவில்லை. இன்று காலை போய் ஆன் செய்து பார்க்கட்டுமா?

கோவை மிரர் | திங்கள், காலை 6:24

ஆன் செய்ய வேண்டாம் அம்மா! முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கணினி அணைந்திருந்தபோது தவறிய வேலைகளை, எழுந்த சில நிமிடங்களில் ஓட்டிவிடும் அனாக்ரான் என்ற சேவை அதில் இருக்கக்கூடும். கேபிள் இருந்தால் அது நேராக மூலத்திடம் போய் ஒத்திசைக்கும், உங்கள் நகலும் எங்களுடையதுபோல் ஆகிவிடும்.

வட்டு வைத்தியர் | திங்கள், காலை 6:31

அதையே நானும் சொல்கிறேன். இன்னும் நல்லது, ஆன் செய்யவே வேண்டாம். வட்டைக் கழற்றி எடுங்கள். நான்கு திருகுகள், இரண்டு கம்பிகள். ஈரமில்லாத துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பை நிலைமின்சாரம் உண்டாக்கும், அது வேண்டாம்.

பொறுப்பாளரே, பெருங்குடியில் ஆர்சிங்க் சேவையை அடியோடு நிறுத்திவிட்டீர்களா? யாராவது ஒருவர் வேறெங்கோ இப்போதும் ஒத்திசைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

பெருங்குடி பொறுப்பாளர் | திங்கள், காலை 6:33

சர்வரே நேற்றிரவு அணைந்துவிட்டது, ஆர்சிங்க் இப்போது யாருக்கும் கிடைக்காது. 503 அறிவிப்பு மட்டும் வேறொரு சிறிய கணினியிலிருந்து போகிறது. அம்மா, நீங்கள் சிரமப்பட வேண்டாம், நானே செங்கல்பட்டு வருகிறேன்.

செங்கை ஆசிரியை | திங்கள், பிற்பகல் 1:10

தலைமையாசிரியரிடம் சாவி வாங்கி, கேபிளைக் கழற்றி, வட்டையும் எடுத்துவிட்டேன். பள்ளிச் சொத்து என்பதால் வெளியே கொண்டுபோகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். தம்பி வருவதற்குள் நானே மின்சார ரயிலில் கிண்டி வந்துவிடுகிறேன், அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் இணையத்தில் இதை ஏற்றினால் வாரமே போய்விடும்.

ஒன்று சொல்ல வேண்டும். இது 500 ஜிபி வட்டுதான். இடம் போதாததால் 'பழையவை' என்ற அடைவை நாங்கள் எடுக்கவே இல்லை.

தாம்பரம் பயிலரங்கு | திங்கள், பிற்பகல் 1:40

காலையில் பயிற்சி தள்ளிப்போனது. நேற்று கடுமையாக எழுதியதற்கு வருந்துகிறேன். நானும் கிண்டிக்கு வருகிறேன். பள்ளிப் பதிப்பை மட்டும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டால் புதன்கிழமை நடத்திவிடுவேன்.

உதவும் கரம் | திங்கள், மாலை 5:05

எதற்கு இவ்வளவு சுற்று? என் மடிக்கணினியில் சென்ற வாரம் இறக்கிய நிறுவல் கோப்பு இருக்கிறது. பொதுவில் பகிரும் இடத்தில் ஏற்றிச் சுட்டி கொடுத்துவிடுகிறேன். அவசரத்துக்கு எல்லோரும் எடுத்துக்கொள்ளலாமே.

நள்ளிரவு நிரலர் | திங்கள், மாலை 5:20

உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன், ஆனால் சுட்டியைப் பொதுவில் போடாதீர்கள். சர்வர் விழுந்திருக்கும் நேரம்தான் விஷம் வைப்பவனுக்கு ஏற்ற நேரம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்கச் சுட்டியை மாற்றிப் பின்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரே தளத்தில் கோப்பும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஹாஷும் இருந்தால், சுட்டியை மாற்றுகிறவனால் ஹாஷையும் மாற்ற முடியும். இங்கே எழுதுகிற யாரையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நாளை இந்த இழையைப் படிக்கும் ஓர் ஆசிரியருக்கு உங்களையும் திருடனையும் பிரித்துப் பார்க்க வழி என்ன?

வழி இருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் கோப்புகளின் எஸ்எச்ஏ 256 ஹாஷ் பட்டியலில் பொறுப்பாளர் தன் ஜிபிஜி மின்னணுச் சாவியால் கையொப்பமிட்டு, அறிவிப்பு மின்னஞ்சலோடு அனுப்பியிருக்கிறார். அந்த மின்னஞ்சல்கள் நம் எல்லோருடைய பெட்டிகளிலும் உண்டு. சர்வர் எரிந்து போனாலும் அந்தப் பட்டியல் அழியாது. கையொப்பத்தைச் சரிபாருங்கள், பிறகு கோப்பின் 64 எழுத்து ஹாஷை ஒப்பிடுங்கள். பொருந்தினால் கோப்பு யாருடைய வீட்டிலிருந்து வந்தாலும் கவலையில்லை.

2011 ஆகஸ்டில் லினக்ஸ் மூலநிரல் வெளியாகும் கெர்னல் டாட் ஆர்க் சர்வர்களுக்குள் யாரோ ஊடுருவியிருப்பதைக் கண்டுபிடித்தபோது, தளம் ஒரு மாதத்துக்கு மேல் மூடிக்கிடந்தது. ஆனாலும் லினக்ஸ் மூலநிரலைப் பற்றி யாரும் கலங்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்தின் ஹாஷும் ஆயிரக்கணக்கான நிரலர்களின் கணினிகளில் இருந்ததே காரணம்.

உதவும் கரம் | திங்கள், மாலை 6:02

சரிபார்த்தேன். என் கோப்பு பொருந்தவில்லை! அளவைப் பார்த்தால் 1.9 ஜிபி இருக்க வேண்டியது 1.4 தான் இருக்கிறது. பாதியில் அறுந்த பதிவிறக்கம், நான் கவனிக்கவே இல்லை. ஏற்றாமல் தடுத்ததற்கு நன்றி.

பெருங்குடி பொறுப்பாளர் | செவ்வாய், இரவு 11:30

இரண்டு நாள் விவரம்.

பள்ளி வட்டைப் படிக்க மட்டும் என்ற நிலையில் இணைத்து நகலெடுத்தேன். 'பழையவை' தவிர ஏப்ரல் வரையிலான எல்லா வெளியீடுகளும் இருக்கின்றன, கையொப்பமிட்ட பட்டியலோடு ஒன்றுவிடாமல் பொருந்துகின்றன. அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வட்டை நாளை நானே பள்ளியில் ஒப்படைத்துப் பதிவேட்டில் வரவு வைப்பேன்.

வைத்தியர் சொன்னது அப்படியே சரி. மூன்றாம் துளை வட்டின் நிகழ்வு எண் மிகவும் பின்தங்கியிருந்தது. அது பிப்ரவரியிலேயே விலகிவிட்டது. மூன்று மாதம் நாங்கள் பாதுகாப்பே இல்லாமல் ஓட்டியிருக்கிறோம். எச்சரிக்கை மின்னஞ்சல் தினமும் போயிருக்கிறது, ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் வேலை மாறிப்போன ஒருவரின் முகவரிக்கு. ஞாயிற்றுக்கிழமை சூட்டில் விலகியது முதல் துளை வட்டு மட்டுமே. அதன் நகலையும் மற்ற இரண்டின் நகல்களையும் சேர்த்து எழுப்பினேன். படிக்க முடியாமல் போனது மொத்தம் 3 எம்பிதான். மே மாத வெளியீடுகள் அனைத்தும் வந்துவிட்டன. 'பழையவை' அடைவில் 11 கோப்புகள் மட்டும் ஹாஷ் பொருந்தவில்லை.

நள்ளிரவு நிரலர் | செவ்வாய், இரவு 11:50

2017 ஜனவரி 31 அன்று நிரல் சேமிப்புத் தளமான கிட்லேப் தன் தரவுத்தளத்தை இழந்தபோதும் இதே கதைதான். பேக்கப் தோல்வியடைந்ததைச் சொல்லும் மின்னஞ்சல்கள் கிளம்பியிருந்தன. அனுப்புநரை உறுதிசெய்யும் டிமார்க் ஏற்பாடு அவற்றில் இல்லாததால், பெறும் பக்கம் ஏற்காமல் தள்ளிவிட்டது. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு போனது. எச்சரிக்கை வரவில்லை என்பதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். தினமும் காலையில் 'நலம்' என்றொரு செய்தி வரட்டும், வராத நாளில் இருவர் எழுந்து பார்க்கட்டும்.

வட்டு வைத்தியர் | புதன், காலை 7:15

மகிழ்ச்சி. மூல வட்டுகளை ஆறு மாதமாவது பெட்டியில் வையுங்கள், மறுபயன்பாடு வேண்டாம். சூடுபட்ட வட்டு இன்று ஓடுகிறது என்பதால் நாளையும் ஓடும் என்று நம்பக் கூடாது.

கோவை மிரர் | புதன், காலை 9:00

திறக்கும்போது அவசரப்பட வேண்டாம். டெபியன் லினக்ஸின் மிரர்கள் செய்வதுபோல் இரண்டு கட்டமாகப் போவோம். முதலில் கோப்புகள் மட்டும், பிறகு என்னென்ன கோப்புகள் உண்டு என்று சொல்லும் அட்டவணைகள், அழிக்கும் வேலை கடைசியில். அட்டவணை முந்திக்கொண்டால், இன்னும் வராத கோப்பைத் தேடிப்போய்ப் பயனர்களின் கணினிகள் பிழை காட்டும். நம் தளப் பெயர் எந்தச் சர்வருக்குப் போகும் என்று சொல்லும் முகவரிப் பதிவின் ஆயுட்காலம் 86,400 நொடி, அதாவது ஒரு முழு நாள் என்று இருக்கிறது. அதை இன்றே 300 ஆகக் குறைத்தால், நாளை ஏதாவது தவறினாலும் ஐந்து நிமிடத்தில் எங்கள் பக்கம் திருப்பலாம்.

எங்கள் மிரரில் இனி 200 கோப்புகளுக்கு மேல் ஒரே தடவையில் அழியாது. மூலத்தின் உச்சி அடைவில் ஓர் அடையாளக் கோப்பு இல்லையென்றால் ஒத்திசைவே தொடங்காது.

நள்ளிரவு நிரலர் | புதன், காலை 9:25

இரண்டும் நல்லதுதான், ஆனாலும் மிரர் மிரராகத்தான் இருக்கும். 150 கோப்புகளை யாராவது தவறாக அழித்தால் வரம்புக்குள் அடங்கி எல்லா இடத்திலும் அழியும். ஒவ்வொரு நாளின் நிலையையும் அப்படியே காக்கும் நிலைப்படங்கள் வைத்த, மூலத்தால் எழுத முடியாத, தானே வந்து இழுத்துக்கொள்ளும் தனிக் கணினி ஒன்று வேண்டும்.

பெருங்குடி பொறுப்பாளர் | புதன், காலை 9:40

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பணம்? மாத நன்கொடை மின் கட்டணத்துக்கே சரியாகிவிடுகிறது. ஏசியையும் மாற்ற வேண்டும். நான் முதலில் வெப்பமானி வைத்து, 45 டிகிரியில் சர்வரை அணைக்கும் நிரலைப் போட நினைக்கிறேன். ஐநூறு ரூபாய்க்குள் முடியும்.

நள்ளிரவு நிரலர் | புதன், காலை 9:48

வெப்பமானி அடுத்த ஞாயிறைக் காக்கும். அடுத்த தவறைக் காக்காது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, கூட்டத்தில் பேசுவோம்.

தாம்பரம் பயிலரங்கு | புதன், மாலை 6:30

பயிற்சி நடந்து முடிந்தது. நாற்பது பேரில் முப்பத்தேழு பேர் வந்தார்கள். முதல் அரைமணி நேரம் ஹாஷ் சரிபார்ப்பதையே பாடமாக வைத்தேன்.

பெருங்குடி பொறுப்பாளர் | வியாழன், காலை 8:00

வழங்கி திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாதியில் நின்ற பதிவிறக்கங்களை அதே இடத்திலிருந்து தொடரலாம், கோப்புகளின் அளவும் தேதியும் மாறவில்லை. முடிந்ததும் ஹாஷைப் பார்த்துவிடுங்கள்.

அந்த 11 கோப்புகளில் ஒன்பது, நண்பர்கள் அனுப்பியவற்றோடு பொருந்திவிட்டன. மீதி இரண்டு: 'தாம்' என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் பழைய கருவி, 'திஸ்கி' என்ற இன்னொரு பழைய குறியீட்டுக்கான எழுத்துருத் தொகுப்பு. யாருக்கும் தேவைப்படாது என்று தோன்றினால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா?

திருவல்லிக்கேணி அச்சகம் | வியாழன், காலை 11:20

எடுக்காதீர்கள் ஐயா. 1999இல் அரசு தாம், தாப் குறியீடுகளை அறிவித்தபோது தொடங்கிய அச்சகம் எங்களுடையது. 2010இல் யூனிகோடு அரசுத் தரமாகும் வரை நாங்கள் தட்டச்சு செய்த புத்தகங்கள் அத்தனையும் தாம் குறியீட்டில்தான் இருக்கின்றன. இன்றும் மாதம் ஒருவராவது பழைய புத்தகத்தை மறுபதிப்புப் போட வேண்டும் என்று வருகிறார். அந்தக் கருவி இல்லையென்றால் மறுபடி முழுவதும் தட்டச்சு செய்ய வேண்டும்.

அக்காலத்தில் உங்கள் வழங்கியிலிருந்து எடுத்ததை சிடியில் எழுதி வைத்தேன். பரணில் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. சிடி படிக்கும் டிரைவ்தான் இல்லை.

பெருங்குடி பொறுப்பாளர் | வியாழன், காலை 11:26

நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், தேவைப்படாது என்று எழுதியிருக்கக் கூடாது. மாலை யூஎஸ்பி டிரைவோடு வருகிறேன்.

திருவல்லிக்கேணி அச்சகம் | வியாழன், இரவு 9:15

தம்பி வந்தார். முதல் பெட்டியின் சிடி படிக்கவே இல்லை, பூஞ்சை பிடித்திருந்தது. இரண்டாவதில் தாம் மாற்றி கிடைத்தது, ஹாஷ் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. திஸ்கி தொகுப்பு இன்னும் கிடைக்கவில்லை. இன்னும் ஒரு பெட்டி பாக்கி இருக்கிறது, நாளை கடை சாத்திய பிறகு பிரிக்கிறோம். திஸ்கி தொகுப்பு வேறு யாரிடமாவது இருந்தால் இங்கே எழுதுங்கள்.